ராஜினாமாவுக்கு முன் சில செவ்வாய்க்கிழமைகள்

பெங்களூரு கம்மனஹள்ளியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36, சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். ஆலோசனை உளவியலில் எம்.எஸ்சி. படித்தவர். ஐ.டி. கம்பெனி ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டு இரண்டு மாதமாகச் சம்பள வேலையில் இருக்கிறார். பிடித்தம் போகக் கைக்கு ரூ.78,000 வருகிறது. ஒன்றரை ஆண்டாகச் செவ்வாய், வியாழன் இரவு ஏழு மணிக்கு மேல் வீடியோவிலும், சனிக்கிழமை ஜீவன் பீமா நகரில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஓர் அறையிலும் தனியாக ஏழு பேரைப் பார்க்கிறார். ஒரு அமர்வுக்கு ரூ.1,500. காத்திருப்புப் பட்டியலில் இன்னும் இரண்டு பேர். கணவருக்குத் தனியார் வேலை, வீட்டுக் கடன் தவணை ரூ.41,000, மகள் ஏழாம் வகுப்பு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள மாமியார் இவர்களோடு இருக்கிறார்.

"மாலை ஸ்லாட்டுகளே நிரம்பி வழிகின்றன. வேலையை விட்டால் வாரம் 25 பேரைப் பார்க்கலாம், மாதம் ஒன்றரை லட்சம் வரும். 'விட்டுடு, ஒரு வருஷம் நான் பார்த்துக்கறேன்' என்கிறார் கணவர். அடுத்த மாதமே கடிதம் கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார். கூடவே மூன்று சந்தேகங்கள். வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்குப் பெங்களூரில் தனியாகத் தொழில் செய்யக் கூடாது என்று நியமன ஆணையில் இருக்கிறது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் இல்லாமல் ஆலோசனை வழங்குவது சட்டவிரோதம் என்று ஒரு தோழி பயமுறுத்துகிறார். நிறுவனத்தின் வழியாக வரும் மூன்று கிளையன்ட்டுகள், "நீங்க போற இடத்துக்கு நாங்களும் வர்றோம்" என்கிறார்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் அடுத்த மாதம் வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காத்திருக்கும் இருவரும் "ஏழு மணிக்கு மேலே ஏதாவது காலியா?" என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். ராஜினாமா செய்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது காலை பத்து முதல் மாலை ஆறு வரையிலான நேரம். அந்த நேரத்தை இதுவரை உங்களிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வரவேண்டியவர்களும் அப்போது வேலையில்தான் இருப்பார்கள்.

இந்த ஊரில் பகுதி நேரமாகத் தொடங்கும் பலரும் தடுக்கி விழும் இடம் இது. மாலையும் சனிக்கிழமையும் எந்த முயற்சியும் இல்லாமல் நிரம்பிவிடும். அதைப் பார்த்ததும் முழு வாரமும் இப்படித்தான் நிரம்பும் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். உங்கள் 25 பேர் கணக்கும் அப்படி வந்ததுதான்.

அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வேலையை விட்டபின் திங்கள் முதல் வெள்ளி வரை மாலைக்கு இரண்டு பேர், சனிக்கிழமை ஐந்து பேர். மொத்தம் பதினைந்து. இவ்வளவு எளிதில் நிரம்பும் என்று நானும் நம்புகிறேன். ஆண்டுக்கு 52 வாரம் என்று வைக்காதீர்கள். மே மாதம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். தசரா, தீபாவளி, பொங்கல் உண்டு. உங்களுக்கே காய்ச்சல் வரும் நாட்கள் உண்டு. 44 வாரம் என்று வையுங்கள். 660 அமர்வு, ரூ.9,90,000. இதில் பாதி அமர்வுகளை அறையில் நடத்தினால், மணிக்கு ரூ.300 வீதம் வாடகை சுமார் ரூ.1 லட்சம். மாதம் இரண்டு முறை சூப்பர்விஷன் (மூத்த ஆலோசகரிடம் உங்கள் வேலையைக் காட்டி வழிகாட்டல் பெறுவது), தடவைக்கு ரூ.2,000 என்றால் ரூ.48,000. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு ரூ.60,000. தொழில்சார் இழப்பீட்டுக் காப்பீடு, ஆடிட்டர், பயிற்சி வகுப்பு, போன் எல்லாம் சேர்த்து ரூ.45,000. மிஞ்சுவது ஏறக்குறைய ரூ.7,37,000. மாதத்துக்கு 61,000 சொச்சம், அதுவும் வருமான வரிக்கு முன்னால். நீங்கள் ஒப்பிடும் 78,000 வரியும் பி.எஃப்.பும் பிடித்த பிறகு வருவது. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். தனி.

இன்னொன்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐந்து மாலையும் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தால், உங்கள் மகள் பள்ளி விட்டு வந்து கதை பேசும் நேரம் முழுவதும் போய்விடும். "குழந்தையோடு இருக்கலாம்" என்பதை வேலையை விடும் காரணங்களில் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பகல் நேரம் நிரம்புமா என்பது பணத்தையும் தாண்டிய கேள்வி.

பகலில் யார் வருவார்கள்?

வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் இன்ஸ்டாகிராம் பார்த்து வருகிறவர்கள் இல்லை. பிரசவம் முடிந்து வீட்டில் இருக்கும் பெண்கள், இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், தேர்வு பயத்தோடு கல்லூரிக்கு மட்டம் போடும் பிள்ளைகள். உங்களுக்குத் தமிழ் என்ற பலம் இருக்கிறது. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கம் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், மனைவியை இழந்த பெரியவரோ மருமகளோடு ஒத்துப்போகாத அம்மாவோ தமிழில் பேச ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவர்கள் உங்களிடம் வர வேண்டுமானால் நடுவில் ஒருவர் சொல்லி அனுப்ப வேண்டும். அது குடும்ப மருத்துவராக, மகப்பேறு மருத்துவராக, மனநல மருத்துவராக, பள்ளித் தலைமையாசிரியராக இருக்கலாம். அந்த உறவுகள் உருவாக ஆறு மாதமாவது ஆகும். வேலையில் இருக்கும்போதே தொடங்கவேண்டிய பணி இது.

அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மருத்துவர்கள் அப்படிப் பணம் வாங்குவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. நீங்கள் கொடுப்பதும் சரியல்ல.

"பெங்களூரில் தேவைக்கா பஞ்சம்?" என்று எழுதியிருக்கிறீர்கள். தேவை நிச்சயம் இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரும்பாலான மனநலப் பிரச்சினைகளுக்குச் சிகிச்சை தேவைப்படுவோரில் 70 விழுக்காட்டுக்கும் மேலானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் தேவைப்படும் எல்லோராலும் வாரம் 1,500 ரூபாய் கொடுத்துக்கொண்டு, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி, செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்துவிட முடியாது. புள்ளிவிவரத்தை நம்பிக் கடை திறக்காதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு நம் காலை நேரம் ஒத்துவரும் என்ற யோசனையும் உங்களுக்கு இருக்கிறது. கடிகாரம் ஒத்துவரும், சட்டம் ஒத்துவராது. அங்கே கிளையன்ட் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமம் கேட்பார்கள். டாலரைப் பார்த்து அதில் இறங்க வேண்டாம்.

நியமன ஆணை என்ன சொல்கிறது?

இங்கே உங்கள் பயத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்க வேண்டும். நான் வழக்கறிஞர் இல்லை; ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி மோதும் சுவர் இது என்பதால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்கு இந்த ஊரில் தொழிலே செய்யக் கூடாது என்பது போன்ற தடையை, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27 செல்லாததாக்குகிறது. உச்ச நீதிமன்றமும் பல வழக்குகளில் இதே நிலையை எடுத்திருக்கிறது. அந்த வரியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கவலைப்படாமல் தாண்டிப்போன வரிதான் எனக்குக் கவலை தருகிறது. பணியில் இருக்கும் காலத்தில் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வேறு எந்தத் தொழிலும் செய்யக் கூடாது என்று அதே ஆணையில் இருக்கிறது. "ஆறு மணிக்கு மேல் என் நேரம்தானே" என்கிறீர்கள். பணிக்காலத்துக்கான இந்தக் கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன, அதிலும் நீங்கள் செய்வது நிறுவனம் செய்யும் அதே வேலை. யாராவது ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மனிதவளத் துறைக்கு அனுப்பினால் போதும், ஒழுங்கு நடவடிக்கை வரும். பணிநீக்கம் என்ற வார்த்தையோடு வெளியே வருவது, தனியாகத் தொழில் தொடங்கும் ஒருவருக்கு நல்ல தொடக்கம் அல்ல.

ஆகவே முதலில் அனுமதி கேளுங்கள். கேட்பதற்கு முன் நியமன ஆணையை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். இதுவரை நடந்ததை எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் கம்பெனிகளில் வேலை செய்பவர்களைத் தனியாகப் பார்ப்பதில்லை, அலுவலக நேரத்தையோ மடிக்கணினியையோ இதற்குப் பயன்படுத்துவதில்லை என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்கின்றன. உங்களுடையது மறுத்தால், வெளியேறும் தேதியைப் பற்றி அப்போது பேசுவோம்.

வருமான வரியிலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. யு.பி.ஐ.யில் சில்லறையாக வருவதால் காட்ட வேண்டியதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காட்ட வேண்டும். சம்பளத்தோடு தொழில் வருமானமும் சேர்ந்தால் ஐ.டி.ஆர்.-1 படிவம் போதாது. பிடித்தம் போக மீதி வரி பத்தாயிரத்தைத் தொட்டால் முன்கூட்டியே கட்டவும் வேண்டும். ஜி.எஸ்.டி. பற்றி இப்போதைக்குப் பயம் வேண்டாம், ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு.

பெயர்ப் பலகையில் என்ன போடலாம்?

உங்கள் தோழி சொன்னது பாதி உண்மை. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று தொழில் செய்ய, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த எம்.ஃபில். போன்ற படிப்பும் அதன் பதிவேட்டில் பெயரும் வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவில்லாமல் அப்படிச் செய்தால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. உங்கள் எம்.எஸ்சி. அந்தப் படிப்பு அல்ல. ஆனால் 'ஆலோசனை உளவியலாளர்' என்று உங்கள் பட்டத்தை உள்ளபடி போட்டு ஆலோசனை வழங்குவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. கொழுந்தனார் கூகுளில் உங்களைக் 'கிளினிக்கல்' என்று பதிந்து வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதை இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். பாசத்தில் செய்தது என்றாலும் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

2021-இல் வந்த இணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். அதன்கீழ் கர்நாடகத்தில் வரும் பதிவு அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். சொந்த இடம் எடுத்து 'கிளினிக்' என்று பலகை மாட்டுவதாக இருந்தால், 2007-ஆம் ஆண்டின் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டத்தின் பதிவு பொருந்துமா என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். என் யோசனை, முதல் ஆண்டு சொந்த இடமே வேண்டாம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் ஊர் இது. அந்தப் பணம் உங்கள் கையில் இருக்கட்டும்.

அந்த மூன்று பேர்

இதைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். "ஒப்பந்தத் தடையே செல்லாது என்றால் இவர்களை அழைத்துப்போகலாம்தானே" என்று அடுத்து நீங்கள் கேட்கக் கூடும். இரண்டும் வேறு வேறு. தொழில் செய்யும் உரிமை உங்களுடையது. ஆனால் நிறுவனத்தின் வழியாகத் தெரிந்த பெயர்களையும் எண்களையும் எடுத்துக்கொண்டு போவது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறுவது.

சட்டத்தை விடுங்கள். நிறுவனத்தின் வழியாக வரும் ஒருவருக்கு, ஆறு அமர்வுக்குப் பிறகு இன்னும் ஆலோசனை தேவையா என்று முடிவு செய்கிறவர் நீங்கள். "தேவை" என்று சொன்னால் அதற்கான கட்டணம் நாளை உங்கள் கைக்கு வரும் என்ற நிலையில் உட்கார்ந்துகொண்டு நேர்மையாக முடிவெடுப்பது யாருக்கும் கடினம். உங்களைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்த நாற்காலி அப்படி. கிளையன்ட்டும் நன்றிக்கடன்பட்ட மனநிலையில் இருக்கிறார். "வர்றோம்" என்பது முழுக்கச் சுதந்திரமான விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்காகத் திடீரென்று மறைந்துவிடவும் கூடாது, அதுவும் தீங்குதான். நீங்கள் கிளம்புவது உறுதியானதும் நான்கைந்து வாரம் முன்னதாகச் சொல்லி, முடிக்கும் அமர்வுகளை முறையாக நடத்துங்கள். மேற்கொண்டு பார்க்க மூன்று பெயர்களாவது கொடுங்கள். நிறுவனத்துக்குள் ஒருவர், வெளியே ஒருவர், கட்டணம் கட்ட முடியாதவருக்கு பி.டி.எம். லேஅவுட்டில் இருக்கும் நிமான்ஸ் நலவாழ்வு மையம். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். நிறுவனம் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் சேருங்கள். பின்னாளில் அவர்களே தேடி வந்தால் அது வேறு விஷயம், அப்போதும் இந்த வரலாற்றைக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

தனி ஆளாக இருப்பதன் பாரம்

அலுவலகத்தில் ஒருவர் தற்கொலை எண்ணத்தோடு பேசினால், பக்கத்து அறையில் மூத்தவர் இருக்கிறார், நெருக்கடிக் குழு இருக்கிறது. ஜீவன் பீமா நகர் அறையில் நீங்கள் மட்டும்தான். இப்போது பார்க்கும் ஏழு பேருக்கும் அவசரத் தொடர்பு எண் வாங்கி வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே வாங்குங்கள். உடனே அனுப்பக்கூடிய மனநல மருத்துவர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். ஓசூர் சாலை நிமான்ஸின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கிறது. அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். எந்தச் சூழலில் ரகசியம் காக்க இயலாது என்பதை முதல் அமர்விலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவரிடம் பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம். இதுவரை நிறுவனத்தின் சட்டப்பிரிவு பார்த்துக்கொண்டது இனி உங்கள் பொறுப்பு.

கட்டணம் பற்றி ஒன்றே ஒன்று. வராமல் போன அமர்வுக்குப் பணம் கேட்கக் கூச்சமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லாமல் ரத்து செய்தால் கட்டணம் உண்டு என்ற விதியை எழுத்தில் வையுங்கள். மழை, போக்குவரத்து என்றால் அதே நேரத்தில் வீடியோவில் வரலாம் என்று சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை இருக்காது.

சரி, எப்போது?

நான்கு ஆண்டு இரண்டு மாதம் என்கிறீர்கள். ஐந்து ஆண்டு முடிந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000 என்று வைத்தால் சுமார் ரூ.1,15,000 வரும். அடுத்த மாதம் கிளம்பினால் இதை விட்டுவிட்டுப் போகிறீர்கள். அந்தப் பத்து மாதம் வீணில்லை, பகல் நேரத்தைச் சோதித்துப் பார்க்கும் காலம்.

அனுமதி கிடைத்ததும், ஞாயிறு வேலை பார்த்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை தரமுடியுமா என்று கேளுங்கள். உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு ஞாயிறன்று ஆள் கிடைப்பதுதான் சிரமம், ஒத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. குடும்பத்தோடு இருக்கும் ஞாயிறு போய்விடும் என்பதால் மூன்று மாதத்துக்கு மட்டும். செவ்வாய் காலை பத்து முதல் நான்கு வரை நான்கு ஸ்லாட்டுகள் திறந்து வையுங்கள். மாலைக்காகக் காத்திருப்பவர்களை அதில் திணிக்காதீர்கள், புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள். மூன்றாவது மாதத்தில் நான்கில் மூன்று தொடர்ந்து நிரம்பினால், பகலில் உங்களுக்கு ஆள் உண்டு. ஒன்றோடு நின்றால், மருத்துவர்களையும் பள்ளிகளையும் பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு மூன்று மாதம் பாருங்கள்.

இந்தக் காலத்தில் பகுதி நேர ஊழியராகவோ, அமர்வுக்கு இவ்வளவு என்று ஒப்பந்த ஆலோசகராகவோ மாறிவிடாதீர்கள். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் பணிக்கொடை கணக்கிடுவார்கள். ஒப்பந்தத்துக்கு மாறினால் பணித்தொடர்ச்சியே அறுந்துவிடும். ஐந்தாண்டு முடிந்த பிறகு கேளுங்கள், வாரம் இரண்டு நாள் ஆலோசகராக இருக்கத் தயார் என்று. பத்து விழுக்காடு வரி (டி.டி.எஸ்.) பிடித்துக் கொடுப்பார்கள். முதல் ஆண்டுக்கு வீட்டுத் தவணையின் ஒரு பங்கை அந்த வருமானம் தாங்கும்.

மாமியாருக்கான காப்பீட்டை மட்டும் பத்து மாதம் தள்ள வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புதுப் பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அந்தக் கடிகாரம் இப்போதே ஓடத் தொடங்கட்டும். அலுவலகக் குழுக் காப்பீட்டிலிருந்து அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியையும் கிளம்புவதற்கு முன் விசாரியுங்கள், பழைய காத்திருப்புக் காலத்தைக் கழித்துக்கொள்ள முடியும்.

உங்கள் கணவர் "ஒரு வருஷம் நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னது பெரிய மனசு. அந்த ஒரு வருஷம் என்பது எத்தனை ரூபாய் என்று இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். தவணை, பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து ஆறு மாதச் செலவில் உங்கள் பங்கு தனிக் கணக்கில் சேர்ந்த பிறகு, ஐந்தாண்டும் முடிந்து, செவ்வாய்க்கிழமைகளும் நிரம்பியிருந்தால் நோட்டீஸ் கொடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். வழக்கறிஞரைப் பார்த்தபின் நிறுவனம் என்ன பதில் சொன்னது என்று எழுதுங்கள்.